பின்கண்ணாடியில் அத்தான்

என் அக்கா எங்கள் ஊரைப் பின்பக்கமாகவே பார்த்துப் பழகியவள். ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் அவள் வழிகாட்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து, பயணிகளைப் பார்த்தபடி, கையில் மைக்கோடு நிற்பாள். பஸ் முன்னால் போகும், அவள் பின்னால் பார்ப்பாள். வந்த விருந்தாளிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது கம்பெனி போட்ட விதி இல்லை, அவளே போட்டுக்கொண்டது. இதனால் அவளுக்கு வலது, இடது இரண்டும் குழம்பிப் போய்விட்டன. பயணிகளின் இடப்பக்கத்தை எந்நேரமும் வலக்கையால் காட்டுகிறவள் வேறு எப்படி இருப்பாள்? வீட்டில் அவள் "இடது அலமாரியில இருக்கு பாரு" என்றால் நான் நேரே வலது அலமாரியைத் திறப்பேன். கேட்ட பொருள் அங்கேதான் இருக்கும்.

சுற்றிக்காட்டும் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டடம் கண்ணில் பட்ட பிறகு வாயைத் திறந்தால் வேலைக்கு ஆகாது. சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். ராஜா படையெடுத்தார், குதிரை மிரண்டது, தளபதி குறுக்கே விழுந்து காப்பாற்றினார் என்று முன்கூட்டியே கதையை ஆரம்பித்து, "அந்தத் தளபதிதான் இவர்" என்று கையை நீட்டும்போது சிலை ஜன்னலில் வந்து நிற்க வேண்டும். முன்னால் பார்க்காமல் இதைச் செய்வது எப்படி என்று நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை டிரைவரிடம் இருந்தது. டிரைவர் அக்காவின் கணவர், என் அத்தான். அவர் வண்டி ஓட்டும் வேகத்தைப் பார்த்து டிப்போவில் அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். குதிரைச் சிலை வருமுன் பிரேக்கை ஒருமுறை லேசாகத் தொட்டு விடுவார். மணிக்கூண்டுக்கு இரண்டு தொடல். பழைய அரண்மனைக்கு கியரை ஒரு படி இறக்குவார், பாலத்துக்கு ஏற்றுவார். பயணிகளுக்கு இது எதுவும் தெரியாது. அக்காவின் முதுகுக்குத் தெரியும். இதை இரண்டு பேரும் எப்போது உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேருமே "அப்படியா செய்யறோம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நல்ல ஜோடி.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே கம்பெனியில் நான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை, சாப்பாடு கீழே. எதையும் ஏன், எதற்கு என்று கேட்டுத் துளைப்பதால் அத்தான் என்னை 'வக்கீலம்மா' என்பார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் நீங்கள் ஏன் செய்துகொண்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதில் அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

பெருந்தொற்று வந்து ஊர் முடங்கியபோது பஸ்ஸும் டிப்போவில் படுத்துக்கொண்டது. அத்தான் மட்டும் அவ்வப்போது போய் எஞ்சினை உறும விட்டு, தூசி துடைத்து வருவார். முடக்கம் தளரும் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் இடி விழுந்தது. அக்காவின் மாமியார், அத்தானைப் பெற்றவர், அந்த நோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. துணியால் இறுகச் சுற்றிய உடம்பைத் தூர நின்று பார்க்கத்தான் விட்டார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி அத்தான் கெஞ்சியதை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

பிறகு பஸ் ஓடலாம் என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. தடுப்பூசி போட்டவர்கள்தான் ஏறலாம். பயணியானாலும் சரி, ஊழியரானாலும் சரி.

அன்றிலிருந்து என் கவுண்டருக்கு முன்னால் தினமும் ஒரு பட்டிமன்றம். புருஷன் போட்டிருப்பார், பெண்டாட்டி போட்டிருக்க மாட்டாள். "நான் சொன்னா எங்க கேட்டே?" "நீங்க சொன்னதாலதான் போடலை." ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்தார்கள். அண்ணன் போட்டவர், தம்பி போடாதவர். அண்ணன் பஸ்ஸேறி ஊரெல்லாம் பார்க்க, தம்பி என் கவுண்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் இறங்கி வந்து, "ஒண்ணுமே இல்லைடா, சும்மா நாலு பழைய கட்டடம்" என்றார். பஸ்ஸில் அவர் கண் கொட்டாமல் பார்த்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். பாசமலர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரார் கதையெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். அத்தான் மாட்டேன் என்றார்.

பெற்ற தாயை அதே நோய்க்குப் பறிகொடுத்தவர் ஊசி வேண்டாம் என்கிறார். எனக்குத் தூக்கம் வருமா? விசாரிக்க ஆரம்பித்தேன். மேனேஜரிடம் "பி.பி. இருக்கு சார்" என்றாராம். அவருக்கு பி.பி. கிடையாது, அவரால்தான் மற்றவர்களுக்கு வரும். மெக்கானிக்கிடம் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றிருக்கிறார். அக்காவிடம், "என் உடம்பு, என் இஷ்டம்."

சரி, கைப்பேசியில் வரும் கண்டதையும் நம்பிவிட்டார் போல என்று நினைத்தேன். அதுவும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் ஊசிக்கு எதிராகத் தெருவெல்லாம் பிரச்சாரம் செய்பவர். அத்தானைத் தன் ஆளாக நினைத்து மகிழ்ச்சியோடு வந்தார். "ஊசி வழியா உடம்புக்குள்ள காந்தத்தை ஏத்தறாங்க சார்" என்றார்.

"நல்லதுதானே" என்றார் அத்தான். "வண்டிக்கு அடியில படுத்து வேலை பார்க்கும்போது ஸ்க்ரூ தொலையாது. போய் வேலையைப் பாருங்க."

எதிர்வீட்டுக்காரர் போன வழி தெரியவில்லை. ஆக, நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை, வியாதியும் இல்லை. பின்னே எதற்கு இந்தப் பிடிவாதம்?

அக்காவுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அவளுக்குக் கோபம்தான் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு உங்களையும் அதே மாதிரி துணி சுத்திக் கொண்டுவந்து தூரமா வச்சா, நான் யார்கிட்ட போய் முகத்தைக் காட்டச் சொல்லி அழுவேன்? சொல்லுங்க."

அத்தான் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றோடு அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். ஆனால் நாள் முழுக்கப் பேசிப் பிழைப்பவள் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பாள்? ப்ரிட்ஜிடம் பேச ஆரம்பித்தாள். "ப்ரிட்ஜே, சாப்பாடு ஆறுது. யாருக்காவது வேணும்னா வந்து போட்டுக்கச் சொல்லு." அத்தானும் லேசுப்பட்டவர் இல்லை. "ப்ரிட்ஜே, வந்துட்டேன்னு சொல்லு" என்பார். நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

அத்தானைக் கம்பெனி சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பியது. அவருடைய சீட்டுக்கு ஒரு புது டிரைவர் வந்தான். நல்ல பையன், வணக்கம் சொல்வான், ஆனால் வண்டியில் ஏறினால் பின்னால் யாரோ துரத்துவது போல ஓட்டுவான். டிப்போவில் அவனுக்கு ஒரே நாளில் 'ராக்கெட்' என்று பெயர் விழுந்தது.

அக்கா பாடு திண்டாட்டமானது. ராக்கெட் தனக்குத் தோன்றிய இடத்தில் பிரேக் போடுவான். அவள் முதுகு அதைச் சிலை என்று படிக்கும், அங்கே ஒரு மாடு குறுக்கே போயிருக்கும். "இந்த மாளிகையில்தான் இளவரசி பிறந்தார்" என்று கையை நீட்டினாள், வெளியே டயர் பஞ்சர் கடை. "இங்குதான் அரசர் முடிசூட்டிக்கொண்டார்" என்றாள், பஸ் சலூன் வாசலில் நின்றது. பயணிகள் சிரித்த சிரிப்பில் முகக்கவசங்கள் நழுவிவிட்டனவாம். இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து என் கவுண்டருக்கு வந்து புகார் சொன்னார்கள்.

திரும்பி நின்று முன்னால் பார்த்துப் பேசேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ போய் உன் கவுண்டர்ல முதுகைக் காட்டி உக்காந்து டிக்கெட் கொடு, அப்புறம் நான் திரும்பறேன்" என்றாள். முயன்றும் பார்த்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. ஊர் நேராக வந்தபோது அவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லையாம். தலை சுற்றியதாம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்காவை எனக்கும் பிடிக்கும்மா. ஆனா இப்படியே போனா பதிவு செஞ்ச குரலைப் போட்டுடப் போறோம். ஆளுக்கொரு இயர்போன். இடம் வந்ததும் அதுவே பேசும். ஊசி, லீவு, ஒண்ணும் கேக்காது."

அக்காவுக்கு மைக் போனால் உயிர் போன மாதிரி. சின்ன வயதில் வீட்டில் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தாலே எழுந்து நின்று கதை சொல்லுவாள். அவளை ஏதோ ஒரு அலுவலகத்தில் ஃபைல் அடுக்கும் வேலையில் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சலூன், பஞ்சர் கடை, இயர்போன் எல்லாம். "உங்க பிடிவாதத்தால அவ வேலைக்கு வேட்டு" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அரண்மனை வளைவுல கியர் இறக்க மாட்டேங்கிறானா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அடுத்த வாரம் புகார்கள் நின்றுவிட்டன.

குறைந்தன என்றால் எனக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. நின்றேவிட்டன. இறங்கி வந்த ஒரு பெரியவர், "அந்தம்மா கைக்குள்ளே ஊரை வச்சிருக்காங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். ராக்கெட்டைப் பிடித்து, "என்ன, ஓட்டற விதத்தை மாத்திட்டியா?" என்று கேட்டேன். "இல்லையே மேடம், எப்பவும் போலத்தான்" என்றான். நகத்தைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜாதி இல்லை நான். ஒரு நாள் கவுண்டரை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.

இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்பதால் பாதி சீட்டுகள் காலி. நான் நடுவில் உட்கார்ந்து அக்காவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயும் மூக்கும் மூடியிருக்கும்போது கண் ஒன்றுதானே மிச்சம். அவள் முன் சீட்டுக்காரரைப் பார்ப்பாள், அடுத்த வரிசையைப் பார்ப்பாள், சட்டென்று எல்லார் தலைக்கும் மேலே பார்வை பின்னால் ஓடும். உடனே கதையை ஆரம்பிப்பாள். ஆரம்பித்த கதை சரியாகச் சிலையில் வந்து முடிந்தது.

திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸின் பின்கண்ணாடிக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஹெல்மெட், முகக்கவசம், ஆள் முகமே தெரியவில்லை. ஆனால் ஸ்கூட்டரின் ஹேண்டிலை இரண்டு முழங்கைகளையும் அகல விரித்துப் பிடித்திருந்தார், என்னவோ பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல. உலகத்தில் அப்படி ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் ஒருவர்தான். மணிக்கூண்டுத் திருப்பத்துக்குச் சற்று முன் அவருடைய இடது கை மேலே எழுந்து, காற்றை இரண்டு முறை மெதுவாக அமுக்கியது. அக்கா "அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு நேரமே கிடையாது" என்று மணிக்கூண்டுக் கதையை ஆரம்பித்தாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முகக்கவசத்துக்கு மேலேயே பொத்திக்கொண்டேன்.

அன்று சமையலறையில் அக்காவை மடக்கினேன். "எத்தனை நாளா நடக்குது இது?"

"எது?"

"நடிக்காதே அக்கா. பின்னாடி ஸ்கூட்டர்ல வர்றாரே, அது."

"யாரோ ரோட்டுல போறாங்க. ரோடு என்ன எங்க அப்பன் வீட்டுச் சொத்தா, போகாதேன்னு சொல்ல?" என்றவள், அத்தான் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் ப்ரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ப்ரிட்ஜே, ரோட்டுப் புகையில அலைஞ்சா தொண்டை கட்டும்னு யாருக்காவது சொல்லு. சுடுதண்ணி இருக்கு."

இப்படியும் ஒரு குடித்தனம்! பேசமாட்டார்களாம், ஆனால் அவர் கையசைக்க அவள் பேசுவாளாம்.

மறுநாள் அத்தான் கொல்லைப்புறத்தில் ஸ்கூட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வக்கீலம்மா வந்துட்டாங்களா?"

"வந்துட்டேன். ஒரே கேள்விதான். அவ மேல இவ்வளவு அக்கறை இருக்கிற மனுஷன் ஒரு ஊசியைப் போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளேயே உக்காரலாமே? ஏன் மாட்டேங்கறீங்க? என்கிட்ட பி.பி. கதை வேண்டாம்."

அவர் எண்ணெய் டப்பாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"அம்மாவுக்கு முறை முதல்லயே வந்துச்சு" என்றார். "வயசானவங்களுக்குத்தானே முதல்ல போட்டாங்க. அம்மாவுக்கு ஆசை. ஊசி போட்டவங்களைத்தான் இனி பஸ்ல ஏத்துவாங்களாம்னு டிவியில கேட்டுட்டாங்க. 'நீ ஓட்டி, அவ பேசி, நான் ஒரு நாள்கூட பார்த்ததில்லையே, போட்டுக்கிட்டு வரட்டுமா'ன்னாங்க. நான்தான், 'பொறும்மா, நாலு பேர் போடட்டும், பார்த்துக்கிட்டுப் போடலாம். பஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது'ன்னேன்."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவரே தொடர்ந்தார்.

"இப்போ நான் போய் கையை நீட்டினா என்ன அர்த்தம்? அது நல்லதுன்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம். தெரிஞ்சும் அம்மாவை ஏன் தடுத்தே? அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அவங்களுக்கு வேண்டாம்னு சொன்னது எனக்கும் வேண்டாம். அப்படி இருந்துட்டா, ஏதோ முட்டாள்தனமா நம்பிட்டான், நம்பினபடியே இருந்தான்னு ஆகும். போட்டுக்கிட்டேன்னு வை, நான் கொன்னவன் ஆயிடுவேன்."

காரணம் தெரியவேண்டும், தெரியவேண்டும் என்று அலைந்தேனே, தெரிந்ததும் எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை. "அக்காகிட்ட சொல்லாதே" என்றார். என் வயிற்றில் ஒன்றும் தங்காது என்பது ஊரறிந்த விஷயம். இது தங்கியது. கல் மாதிரித் தங்கியது.

இதற்கிடையில் மேனேஜர் இயர்போன் யோசனையைக் கைவிடவில்லை. புகார் இல்லை என்பது போதாது, நேரில் பார்த்து ஒருவர் சொல்லவேண்டும் என்றார். அந்த ஒருவர் நானாம். தங்கையை விட்டு அக்காவை எடைபோடச் சொல்கிற புத்தி அவருக்கு எங்கிருந்து வந்ததோ. "பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்" என்று ஐஸ் வேறு வைத்தார்.

அதற்காக நான் பஸ் ஏறிய அன்று பார்த்து மழை. கிளம்பும்போது தூறல், கடைத்தெருவைத் தாண்டும்போது கொட்ட ஆரம்பித்தது. காற்றோட்டத்துக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல்களை எல்லாரும் இழுத்துச் சாத்தினார்கள். மூச்சுக்காற்றில் கண்ணாடியெல்லாம் வெளுத்துப் புகைந்துவிட்டது. பின்கண்ணாடியும்தான்.

அக்காவின் பார்வை பின்னால் ஓடுவதும் வெறுங்கையோடு திரும்புவதும் எனக்குத் தெரிந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனாள், இறக்கினாள். முன் சீட்டில் ஒரு அம்மா, "என்னங்க, அடுத்தது என்ன?" என்று கேட்டார். அக்கா, "வந்துகொண்டே இருக்கிறது" என்றாள். அவள் குரல் நடுங்கி அதுவரை நான் கேட்டதே இல்லை.

நான் எழுந்து கடைசி சீட்டுக்கு ஓடினேன். என் துப்பட்டாவை எடுத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன். வெளியே அத்தான் இருந்தார். மழைக்கோட்டு இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிய, உள்ளே தன்னை யாராவது பார்க்கிறார்களா இல்லையா என்று தெரியாமலேயே, கையை உயர்த்திக் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாக அப்படிச் செய்துகொண்டு வந்தாரோ.

ராக்கெட்டுக்கு முன்னால் ஏதோ குறுக்கே வந்திருக்க வேண்டும். பஸ் குலுங்கி நின்றது. ஒற்றைக் கையில் வந்துகொண்டிருந்த ஸ்கூட்டர் வழுக்கி, அத்தானோடு சேர்ந்து ரோட்டில் சாய்ந்தது. நான் துடைத்த வட்டத்தின் வழியாக அக்காவும் அதைப் பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க!" என்று மைக்கிலேயே கத்தினாள். பஸ்ஸின் எல்லா ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. மைக்கை முன் சீட்டு அம்மாவின் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். நான் யாருடைய குடையையோ பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். குடை ஒரு சாக்குதான் என்று உங்களுக்கே தெரியும்.

அத்தானுக்குப் பெரிய அடி இல்லை. பேண்ட் கிழிந்து முட்டி சிராய்ந்து ரத்தம் வந்திருந்தது. அக்கா அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அதே கையால் முதுகில் ஒரு அறை விட்டாள்.

"ஒத்தக் கையில வண்டி ஓட்டிக்கிட்டு! என் கண்ணு முன்னாலயே சாகணும்னு வேண்டுதலா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அவர் அத்தையை நினைச்சுக்கிட்டுத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அத்தான் என்னை முறைத்தார்.

"தெரியும்" என்றாள் அக்கா. "கூட வாழறவளுக்குத் தெரியாதா? 'பொறும்மா'ன்னு இவர் சொன்னப்போ நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன்."

"அப்புறம் என்ன?" என்றார் அத்தான். பல நாள் கழித்து அவளைப் பார்த்து நேராகப் பேசிய வார்த்தை அது. "தெரிஞ்சுமா என்னைப் போடச் சொல்றே?"

மழை குடையில் விழும் சத்தத்துக்கு மேல் அக்கா பேசினாள். மைக் பிடித்துப் பேசும் குரல் இல்லை அது.

"அத்தை முதல்ல கேட்டது என்கிட்ட. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி. 'போட்டுக்கட்டுமாம்மா'ன்னாங்க. போடுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மருமகதான் கூட்டிட்டுப் போனான்னு என் தலையில விடியும்னு நினைச்சேன். 'உங்க பிள்ளையைக் கேளுங்க'ன்னுட்டேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசறேனே, அந்த ஒரு வார்த்தை சொல்லலை. நீங்க தப்பாவாவது ஒண்ணு சொன்னீங்க. நான் ஒண்ணுமே சொல்லலை."

அத்தான் அவளையே பார்த்தார். ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உதடு கோணியது. நடுரோட்டில், பஸ்ஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்க, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. அக்கா அவர் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் குடையை அவர்கள் மேல் பிடித்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ரெண்டு பேருமா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்தான். தனியா நீங்களே தூக்கிக்கிட்டுத் திரியாதீங்க."

அவர் குனிந்து ஸ்கூட்டரை நிமிர்த்தினார். உதைத்துப் பார்த்தார், கிளம்பியது. "முட்டிக்கு மருந்து போடணும்" என்றார் யாரையும் பார்க்காமல்.

"முட்டிக்கு ஆஸ்பத்திரியில எப்படியும் ஒரு ஊசி போடுவாங்க" என்றாள் அக்கா. "அதோட அதையும் போட்டுக்கிட்டு வந்துடலாம்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "ஏறு" என்றார். அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு பின்னால் ஏறி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பஸ் ஒன்று நிற்பதும் அதில் ஆட்கள் இருப்பதும் அவளுக்கு நினைவு வந்தது.

"மைக்கைப் பிடி" என்று என்னிடம் கத்தினாள். "எதையாவது பேசு!"

நனைந்த கோழியாக பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டு அம்மா மைக்கை என்னிடம் நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா நிற்கும் இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். எல்லார் கண்ணும் என் மேல். ராஜா பெயர் மறந்துவிட்டது, தளபதி பெயர் தெரியவே தெரியாது. ராக்கெட் வண்டியை எடுத்தான். என்னவோ அன்றைக்கு அவனும் மெதுவாகவே எடுத்தான்.

"அவங்க யாருங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

பின்கண்ணாடியில் நான் துடைத்த வட்டம் இன்னும் தெளிவாக இருந்தது. ஸ்கூட்டர் எங்களுக்கு எதிர்த் திசையில், ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முழங்கைகளை அகல விரித்த ஒருவர், அவர் முதுகில் முகத்தைப் புதைத்த ஒருத்தி.

"எல்லாரும் பின்னாடி பாருங்க" என்றேன் மைக்கில். எல்லாரும் திரும்பினார்கள். "முன்னாடி இருக்கிறவர் இந்த பஸ்ஸோட டிரைவர். பின்னாடி இருக்கிறவங்க வழிகாட்டி. இன்னைக்கு ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கப் போறாங்க." இரண்டு பேரும் என்பது தப்பு, அக்கா எப்போதோ போட்டவள். திருத்தத் தோன்றவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கிலும்தான், நல்லவேளை முகக்கவசம் இருந்தது. மழையில் அந்த ஸ்கூட்டர் தெருமுனையில் மறையும் வரை ஒருவரும் முன்பக்கம் திரும்பவில்லை. குதிரைச் சிலை எங்களைக் கடந்து போனதை அன்று யாரும் பார்க்கவில்லை.